சமுதாய சுகாதாரச் செவிலியக் களப்பயிற்சி

செவிலியம் படிக்கும் மாணவர்கள் மருத்துவமனை வார்டை விட்டு வெளியே வந்து, ஊரிலும் தெருவிலும் வீட்டுத் திண்ணையிலும் மக்கள் நலம் காக்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சி சமுதாய சுகாதாரச் செவிலியக் களப்பயிற்சி எனப்படும். பொது சுகாதாரச் செவிலியப் பயிற்சி என்றும் இதைச் சொல்வதுண்டு. கல்லூரிகளில் மாணவர்கள் வாயில் இதற்குக் ‘கம்யூனிட்டி போஸ்டிங்’ என்று பெயர். துணைச் செவிலியர் படிப்பு, மூன்றாண்டு செவிலியப் பட்டயம், நான்காண்டு பி.எஸ்சி. பட்டம் ஆகிய மூன்றிலும் இது கட்டாயம்.

வார்டில் நோயாளி படுக்கையில் இருப்பார். செவிலியர் சீருடையில் நிற்பார். எப்போது ஊசி, எப்போது உணவு என்பதெல்லாம் மருத்துவமனை வைத்த சட்டம். வீட்டுக்குப் போகும்போது இந்த நிலை தலைகீழாகிறது. வீட்டுக்காரர் ‘உள்ள வாங்க’ என்று சொன்னால்தான் செவிலியர் செருப்பைக் கழற்ற முடியும். மாமியார் பேசவிட்டால்தான் மருமகளிடம் பேச முடியும். இதைப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்காது. பக்கத்தில் நின்று செய்துகாட்ட ஒருவர் வேண்டும். அதனால்தான் இந்தப் பயிற்சியில் பாடத்தைவிட வழிகாட்டிக்கு இடம் அதிகம்.

வரலாறு

வீடு தேடிப் போகும் செவிலியத்தின் தொடக்கமாக இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சொல்வார்கள். அங்கே வில்லியம் ராத்போன் என்ற வணிகர், நோயுற்ற தம் மனைவியைக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரையே 1859இல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். ஒருவரால் ஆகிற வேலை இல்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. ராத்போன் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் யோசனை கேட்டார்; லிவர்பூலிலேயே பயிற்சிப் பள்ளி அமைக்கும்படி அவர் சொல்ல, அப்படியே அமைந்தது. வீட்டுச் செவிலியம் தொடங்கிய கையோடு அதற்கான பயிற்சியின் தேவையும் வந்துவிட்டது என்பது இதிலிருந்து புலப்படும்.

அமெரிக்காவில் இத்துறைக்கு வழி திறந்தவர் லிலியன் வால்ட். 1893இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் குடியேறிகளுக்கு வீட்டுச் செவிலிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வந்து தன் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டாள். கூடப்போன வால்ட், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கோடு கிடந்த அந்தப் பெண்ணை அவளுடைய குடித்தன அறையில் கண்டார். பணம் கொடுக்க முடியாததால் மருத்துவர் பாதியில் போய்விட்டிருந்தார். வகுப்பறையில் அதுவரை கற்பித்தது என்ன, வீட்டில் தேவைப்படுவது என்ன என்பது ஒரே நாளில் வால்டுக்குத் தெரிந்துபோயிற்று. ஹென்றி தெரு இல்லம் அதன்பின் உருவானது. ‘பொது சுகாதாரச் செவிலியர்’ என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே என்பர்.

இந்தியாவில் 1918இல் டெல்லியில் தொடங்கிய லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி, வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரப் பார்வையாளர்களைப் பயிற்றுவித்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இலேயே செவிலியப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு வந்தது. அதே ஆண்டில் வெளியான போர் (Bhore) குழு அறிக்கை, நோய் வந்தபின் பார்ப்பதோடு நில்லாமல் நோய் வராமல் காக்கும் பணியை ஆரம்ப சுகாதார நிலையங்களின் வழியே ஊர்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய செவிலியர் கவுன்சில், பாடத்திட்டத்தை நாடு முழுதும் ஒரே சீராக்கியது. 1973இல் கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்த் திட்டங்களுக்குத் தனித்தனி ஆள் என்பதை மாற்றி, பல்நோக்குப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அந்த முறையில் வந்த பெண் பணியாளரின் பெயர் கிராம சுகாதார செவிலியர். ஊருக்குள் ‘நர்ஸம்மா’ என்றால் அவர்தான்.

பாடத்திட்டத்தில் இடம்

2021–22 கல்வியாண்டு முதல் பி.எஸ்சி. செவிலியப் படிப்பு எட்டுப் பருவங்களாக நடக்கிறது. சமுதாய சுகாதாரச் செவிலியம் ஐந்தாம் பருவத்தில் ஒருமுறையும் ஏழாம் பருவத்தில் ஒருமுறையும் வருகிறது. கடைசிப் பருவத்தின் 22 வாரப் பணிப்பயிற்சியில் நான்கு வாரம் களத்துக்கு உரியது. துணை சுகாதார மையங்களிலும் (துணைமையங்கள்) நல்வாழ்வு மையங்களிலும் இடைநிலை சுகாதாரப் பணியாளராக வேலை பார்க்கத் தேவையான திறன்களும் இப்போது பட்டப்படிப்புக்குள்ளேயே சேர்ந்துவிட்டன.

மாணவர்கள் போய்ச்சேரும் இடம் பெரும்பாலும் துணைமையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. தமிழ்நாட்டில் 8,700க்கு மேற்பட்ட துணைமையங்கள் உள்ளன. பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும், 1939ஆம் ஆண்டிலேயே இயற்றிய பொது சுகாதாரச் சட்டமும் கொண்ட மாநிலம் இது. ஆகவே இங்கே படிக்கும் மாணவருக்கு, தான் கற்பது ஒரு நீண்ட அமைப்பின் கடைசிக் கண்ணி என்பதைக் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது.

பை

களப்பயிற்சியின் முதல் பாடம், செவிலியர் வீடுகளுக்கு எடுத்துச் செல்லும் கருவிப் பையிலிருந்து தொடங்கும். ‘பேக் டெக்னிக்’ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிப்பது இதைத்தான். செய்முறை எளிது. வீட்டில் குழந்தைகள் கை எட்டாத, ஈரமில்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும். பையின் வெளியறையிலிருந்து சோப்பையும் துண்டையும் மட்டும் முதலில் எடுக்க வேண்டும். கை கழுவிய பிறகுதான் பையின் உள்ளறையில் கை வைக்கலாம். தேவையானதை ஒரே தடவையில் எடுத்துவிட்டு மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கருவிகளைச் சுத்தம் செய்து, மறுபடியும் கை கழுவி, எல்லாவற்றையும் உள்ளே வைத்து, செய்தித்தாளின் தரைப்பக்கம் உள்ளே வரும்படி மடிக்க வேண்டும். ஒரு வீட்டுக் கிருமி அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பதே இத்தனைக்கும் காரணம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இது பத்து நிமிட வேலை. ஊரில் அப்படி நடக்காது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில், கை கழுவத் தண்ணீர் கேட்பதற்கே ஒரு பக்குவம் வேண்டும். அனுபவமுள்ள கிராம சுகாதார செவிலியர் அதைக் கேட்கும் விதமே வேறு. ‘ஒரு சொம்பு தண்ணி ஊத்தும்மா’ என்று வீட்டுப் பெண்ணையே ஊற்றச் சொல்வார். ஊற்றிக்கொண்டே அவள், செவிலியர் விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை கழுவுவதைப் பார்த்துவிடுகிறாள். குழந்தைக்குச் சோறூட்டும் முன் கை கழுவ வேண்டும் என்று தனியாக உபதேசம் செய்ய வேண்டியதில்லை. கூட நிற்கும் மாணவியும் அன்று இரண்டு பாடம் கற்றிருப்பாள்.

கேள்வி கேட்கும் கலை

புதிதாக வரும் மாணவர்கள் கையில் படிவமும் வாயில் கேள்விப் பட்டியலுமாக வருவார்கள். ‘இரும்புச்சத்து மாத்திரை தினமும் சாப்பிடுறீங்களாம்மா?’ என்று கேட்பார்கள். ‘ஆமா’ என்று பதில் வரும். படிவத்தில் ஒரு குறி விழும். வீட்டுக்குள் பிரிக்காத அட்டை பரணில் கிடக்கும்.

வழிகாட்டும் செவிலியர் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார். ‘மாத்திரை அட்டையைக் கொஞ்சம் எடுத்தா கண்ணு, எத்தனை பாக்கி இருக்குன்னு பார்ப்போம்.’ அட்டை வந்தால் கணக்குத் தெரிந்துவிடும். கருவுற்ற பெண்ணுக்குத் தினம் ஒன்றாக 180 நாள் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. ‘மலம் கறுப்பாப் போகுதா?’ என்று அடுத்துக் கேட்பார். கறுப்பாகப் போகிறது என்றால் மாத்திரை உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்த நிறத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களுக்கு அது இயல்புதான் என்று சொன்னாலே போதும். குமட்டல் என்பவருக்கு இரவு சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்வார். டீயோடு விழுங்குகிறவருக்கு டீ சத்தைத் தடுக்கும் என்று சொல்வார். ஒரே மாத்திரைக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு வீட்டுக் கதைகள் இருக்கின்றன என்பதை மாணவர் அங்கே தெரிந்துகொள்கிறார். இந்தப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதேபோலத்தான் கால் வீக்கம், விடாத தலைவலி, கண் மங்குதல் ஆகியவற்றைக் கேட்டறிவதும். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் எங்கே அனுப்புவது, யாருக்குத் தகவல் சொல்வது, வண்டிக்கு என்ன வழி என்பதை அந்தத் திண்ணையிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும். வார்டில் மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். இங்கே முதல் முடிவு செவிலியருடையது.

தடுப்பூசி நாள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி. மாணவர்களுக்கு மிக விரைவாகக் கை பழகும் இடம் இது. குளிர்பெட்டியில் நான்கு பனிக்கட்டிப் பொதிகளை வைக்கும் முன் ஒவ்வொன்றையும் காதருகே பிடித்துக் குலுக்கச் சொல்வார்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் வைக்கலாம். கல்லாக உறைந்த பொதியை அப்படியே வைத்தால் பெண்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்ற உறையக்கூடாத மருந்துகள் கெட்டுவிடும். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கரைத்ததும் குப்பியின்மேல் நேரம் எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்குப் பின் அது குப்பைக்கு. ஊசி போட்டபின் தாயிடம் என்ன ஊசி, அடுத்தது எப்போது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அட்டையைப் பத்திரமாக வைப்பது ஆகிய நான்கையும் சொல்லி, அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். கூட்டம் நெருக்கும்போது முதலில் விட்டுப்போவது இந்த நான்கு வார்த்தைகள்தாம். மாணவர்கள் உடன் இருக்கும் நாளில் அந்தக் குறை நேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது களப்பயிற்சியால் ஊருக்குக் கிடைக்கும் லாபம்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பு, ஊரின் வரைபடத்தைத் தரையில் கோலமாவால் மக்களையே போடச் சொல்லி எங்கே சாக்கடை, எங்கே குடிநீர் என்று கண்டறிதல், அங்கன்வாடியில் குழந்தைகளின் புயச் சுற்றளவு எடுத்தல் ஆகியவையும் பயிற்சியில் சேரும். நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு. அந்தச் சிவப்பை முதன்முதலாகத் தன் கையால் தொட்ட மாணவி, ஊட்டச்சத்துக் குறைவு என்ற சொல்லைப் பிறகு லேசாக உச்சரிப்பதில்லை.

வழிகாட்டிகள்

களத்தில் மாணவருக்கு இரண்டு பேர் வழிகாட்டுகிறார்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியர். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சிலின் அளவு. பேருந்தில் கூட வருவார், பதிவேட்டைத் திருத்துவார், குடும்பப் பராமரிப்புத் திட்டத்தை எழுதச் சொல்லி மதிப்பெண் போடுவார். மற்றவர் அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் குடிப்பழக்கம், எந்த வீட்டில் பெண்குழந்தை பிறந்ததால் மனத்தாங்கல், யாருடைய சொல்லுக்குத் தெரு கட்டுப்படும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும்.

இருவரும் ஒருவராகவே இருப்பது மிகச் சிறந்த ஏற்பாடு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியக் கல்லூரி இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அங்கே கல்லூரியே சமுதாய நலத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கற்பிக்கும் ஆசிரியைகளே வீடுகளுக்குப் போய்ச் சேவையும் செய்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில் 1964இல் அமைந்த ஊரக சுகாதார மற்றும் குடும்ப நல நிறுவனம், களப்பணியாளர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிப்போருக்கும் பயிற்சி தருகிறது. புத்தகத்தை மட்டும் படித்த ஆசிரியர் களத்தைக் கற்பிக்கப் போதாது என்ற புரிதல் இரண்டு இடங்களிலும் இருக்கிறது.

அமெரிக்கச் செவிலியர் பேட்ரிசியா பென்னர் 1984இல் எழுதிய நூலில், செவிலியர் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைக்கு ஐந்து படிகளில் ஏறுவதாகச் சொன்னார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வல்லுநர் சூழலைப் பார்த்த மாத்திரத்தில் எது முக்கியம் என்று அறிவார். மாத்திரை அட்டையை எடுக்கச் சொல்லும் நர்ஸம்மா இந்தக் கடைசிப் படியில் நிற்பவர். ஆனால் அவருக்குப் பட்டமில்லை என்பதால், பட்டப்படிப்பு மாணவர்கள் அவரை வழிகாட்டியாக நினைக்காமல் வழிகாட்டிப் பலகையாக மட்டும் நினைக்கும் பழக்கம் சில கல்லூரிகளில் உண்டு. இது தவறு. இதைத் திருத்த வேண்டியவர்கள் ஆசிரியர்களே.

குறைகள்

ஒரே துணைமையத்துக்குப் பல கல்லூரிகள் மாணவர்களை அனுப்பும்போது, ஒரே வீட்டில் ஒரே கணக்கெடுப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பி வராத மாணவர்களை மக்கள் மறப்பதில்லை. முதல் நாள் சர்க்கரை அளவு பார்த்த முதியவரை அடுத்த வாரம் அதே மாணவர் போய்ப் பார்ப்பதுதான் தொடர்கவனிப்பு. போஸ்டிங் இரண்டு வாரத்தில் முடிந்து பேருந்து வேறு ஊருக்குத் திரும்பினால் அது நடப்பதற்கில்லை. படிவங்களின் சுமையும் கொஞ்சமன்று. எழுதும் நேரத்தில் பாதி குறைந்தால் பேசும் நேரம் கூடும்.

கிராம சுகாதார செவிலியருக்குத் தாய்-சேய் பதிவு, தடுப்பூசி, தொற்றா நோய்க் கணக்கு என்று ஏற்கெனவே வேலை நெருக்குகிறது. மாணவர்களுக்குக் கற்பிப்பதை அதற்கு மேல் ஓர் உபகாரமாகவே அவர் செய்கிறார். அந்த நேரத்தை அவருடைய பணிநேரமாகக் கணக்கில் எடுத்து, மாணவரை மதிப்பிடுவதில் அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பதைக் கல்லூரிகளும் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து முடிவு செய்யலாம். செய்ய வேண்டும்.