குரல் பதிவில் கேட்காத களைப்பு

விமான விபத்து விசாரணை அறிக்கைகள் கவனச்சிதறலையும் களைப்பையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைக்கின்றன. கவனம் சிதறினால் அது விமானியின் ஒழுங்கீனம். களைத்திருந்தால் அது பணி அட்டவணையின் கோளாறு. விதிகளும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது என்பது ஒன்று. நாளொன்றுக்கு இத்தனை மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது இன்னொன்று. விமானி அறையில் இவை இரண்டும் இப்படிப் பிரிந்து நிற்பதில்லை. விசாரணையாளரின் கைக்குக் கிடைக்கும் சான்றுதான் இவற்றைப் பிரிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பேச்சு ஒலிப்பதிவில் விழும், களைப்பு பெரும்பாலும் விழாது. விழுந்ததே காரணப் பட்டியலில் ஏறுகிறது.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகப் பயணம் செய்து நியூவார்க்கில் பணிக்கு வந்தவர். கேப்டன் அந்த இரவை விமானிகளின் ஓய்வறையிலேயே கழித்திருந்தார். விமானம் தாழ்ந்து வரும்போதும் இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. இறக்கையில் பனி உறைவது பற்றியும், அத்தகைய வானிலையில் தமக்கிருந்த அனுபவக் குறைவு பற்றியும்கூடப் பேசிக்கொண்டனர். வேகம் குறைந்துகொண்டே வந்தது இருவர் கண்ணிலும் படவில்லை. எச்சரிக்கை அதிர்வு வந்தபோது கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்தார்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பேச்சு விதி மீறலைத் துணைக் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. களைப்பும் அவர்களைப் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று சொல்ல இயலாது எனக் கூறி, அதைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. களைப்பையும் சேர்த்திருக்க வேண்டும் என்று வாரியத் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் தனிக் குறிப்பு எழுதினார். நியாயம் அவர் பக்கம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். தூக்கம் கெட்டவர் பலவற்றை ஒருசேரக் கவனிக்கும் திறனைத்தான் முதலில் இழக்கிறார். பேச்சில் ஆழ்ந்தவருக்கு வேக அளவி கண்ணில் படாமல் போவதும், களைத்தவருக்கு அது கண்ணில் பட்டும் மனதில் பதியாமல் போவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில் நார்த்வெஸ்ட் 188 மினியாபொலிஸ் நகரைத் தாண்டிச் சுமார் 150 மைல் பறந்துபோனது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானொலித் தொடர்பு இல்லை. மடிக்கணினியில் புதிய பணி அட்டவணை முறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், தூங்கவில்லை என்றனர் விமானிகள். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் குரல் பதிவுக் கருவியில் கடைசி 30 நிமிடங்கள் மட்டுமே தங்கும். கேள்விக்குரிய நேரம் அழிந்துவிட்டது.

களைப்பு ஒலியாகவே பதிவான அரிய நிகழ்வு மங்களூரு. 2010 மே 22 விடியற்காலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் சரிந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். 8 பேர் உயிர் தப்பினர். 2 மணி 5 நிமிடக் குரல் பதிவில் முதல் 1 மணி 40 நிமிடமும் கேப்டன் தூங்கியிருந்தார், குறட்டை கேட்கிறது. அவ்வளவு நேரமும் துணை விமானி தனியாகவே வானொலிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மங்களூருவின் ரேடார் பழுதாகிக் கிடந்ததால் கீழிறங்க அனுமதி தாமதமாகத்தான் கிடைத்தது. விழித்தெழுந்த கேப்டன் தூக்கக் கலக்கம் தெளியாமலே, உரிய உயரத்தைவிட மிக உயரத்திலிருந்து விமானத்தைச் சரசரவென்று இறக்கினார். துணை விமானி மூன்று முறை ‘கோ அரவுண்ட்’, அதாவது தரையிறங்காமல் மறுபடி மேலெழு, என்றார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. சுமார் 8,000 அடி நீள ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. வேகத்தடுப்பைப் பிடித்தபின் கேப்டன் மறுபடி மேலெழ முயன்றார், காலம் கடந்துவிட்டது.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. பேச்சைத் தடுக்கும் விதியின்படி பார்த்தால் அந்த 1 மணி 40 நிமிடமும் குறைசொல்ல முடியாத அமைதி. பஃபலோவில் பேச்சு கொன்றது என்றால், மங்களூருவில் பேசாமை அல்லவா கொன்றது? அன்று அதே குழுவினர்தான் முந்தைய இரவு மங்களூருவிலிருந்து துபாய்க்குப் பறந்து, அங்கிருந்து உடனே திரும்பியிருந்தனர். மணிக்கணக்கைக் கூட்டிப் பார்ப்பவருக்கு அது சாதாரண இரவுப் பணி. உடலின் கடிகாரமோ பின்னிரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் விழிப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறது.

பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவருடையதை ஒக்கும் என்று டாசனும் ரீடும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினர். இந்தியாவில் விமானிகள் பணிக்கு முன் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊத வேண்டும். தூக்கமின்மையை அப்படி ஊதிக் காட்டும் கருவி ஏதும் இல்லை. ஆகவே சட்டம் மணிகளை எண்ணுகிறது.

எண்ணுவதையாவது ஒழுங்காக எண்ணலாம் என்றால் அதற்கும் போராட வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது. இரவின் எல்லையை 5 மணியிலிருந்து 6 மணிவரை நீட்டியது. இரவில் அனுமதிக்கும் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. நிறுவனங்கள் எதிர்த்ததால் விதி தள்ளிப்போனது. விமானிகள் தில்லி உயர் நீதிமன்றம் சென்ற பிறகு 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் கூட்டங்கூட்டமாக ரத்தாயின. அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை இரவு விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டது. பயணிகள் நிலையங்களில் தவித்தது உண்மை. அதற்குத் தீர்வாக விமானியின் உறக்கத்தைத் தளர்த்தியது ஏற்கத்தக்கதல்ல.

விமானி அறையிலேயே முறைப்படி கண்ணயர விடலாம் என்ற கருத்துக்கும் வலு உண்டு. 1994இல் வெளியான நாசா ஆய்வில் 40 நிமிட வாய்ப்புப் பெற்ற விமானிகள் சராசரியாக 26 நிமிடம் உறங்கினர். பிறகு பறத்தலின் இறுதிக் கட்டத்தில் அவர்களின் விழிப்பு உறங்காதவர்களுடையதைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. எனினும் 2024 ஜனவரி 25இல் இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா சென்ற பாட்டிக் ஏர் விமானத்தில், சொல்லிவிட்டுக் கேப்டன் தூங்க, துணை விமானியும் தன்னையறியாமல் தூங்கிப்போனார். சுமார் 28 நிமிடம் இருவருமே விழித்திருக்கவில்லை. துணை விமானியின் வீட்டில் பிறந்து ஒரு மாதமான இரட்டைக் குழந்தைகள். எந்தப் பணி அட்டவணையிலும் அந்தக் குழந்தைகளுக்கு இடமில்லை. இடைவெளி விட்டு விழிப்பைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாத கண்ணயர்வு அனுமதி அரைகுறை அனுமதியே.

எனவே விசாரணை நடைமுறையில் ஒரு மாற்றம் வேண்டும். விமானியின் முந்தைய 72 மணி நேர உறக்க வரலாறு, குரல் பதிவுக்கு நிகரான சான்றாக ஒவ்வோர் அறிக்கையிலும் இடம்பெற வேண்டும். அளவிட இயலாது என்பதற்காக எதையும் காரணப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. புதிய இந்திய விதிகளின்படி விமான நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை களைப்பு அறிக்கை தர வேண்டும். பெயர்களை நீக்கி அவற்றை ஆய்வாளர்கள் படிக்கும்படி இயக்குநரகம் வெளியிட வேண்டும்.