சிப்பிகளைத் தின்ற அலமாரி

1899-ல் லாஃப்டஸ் செயின்ட் ஜார்ஜ் பைன் என்ற ஆங்கிலேயர், சிப்பி ஆய்வாளர்களுக்கான ‘ஜர்னல் ஆஃப் காங்காலஜி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அலமாரியில் வைத்த சிப்பிகள் அரிக்கப்படுவது பற்றிய கட்டுரை அது. கடலிலோ கடற்கரையிலோ அரித்தால் அதில் ஆச்சரியமில்லை. இவை பூட்டிய இழுப்பறைக்குள், பஞ்சின் மேல், பெயர்ச்சீட்டோடு பத்திரமா இருந்தவை. சோழியின் பளபளப்பு முதலில் மங்குகிறது. பிறகு மேலே வெள்ளையாக ஏதோ பூக்கிறது, பார்த்தால் பூஞ்சை மாதிரியே இருக்கும். இழுப்பறையைத் திறந்தால் லேசாகப் புளித்த வாடை வரும். கடைசியில் சிப்பியின் மேற்பரப்பே பொடிப்பொடியாகிவிடும்.

இது பியூட்ரிக் அமிலத்தின் வேலை, பாக்டீரியாவும் இதில் கூட்டு என்று பைன் முடிவு செய்தார். ஒரு சிப்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்றும் நினைத்தார். அதனால் இதற்கு ‘பைன் நோய்’ என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது.

நான் இதற்குள் வந்தது நாணயங்கள் வழியாக. வீட்டில் இருக்கிற கொஞ்சம் பழைய காசுகளை எதில் வைக்கலாம்னு தேடப்போய், காசிலிருந்து காரீயம், காரீயத்திலிருந்து ஓக் மரம், அங்கிருந்து சிப்பின்னு ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. ‘நோய்’ என்று பெயர் வைத்த உடனே எல்லோரும் நோயாளியைத்தான் பரிசோதித்திருக்கிறார்கள். மருத்துவமனைக் கட்டடத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தொழிலிலும் இது உண்டு: நிரலை வரி வரியாகத் துருவுவோம், கோளாறு அது ஓடும் சர்வரில் இருக்கும்.

கட்டடத்தைப் பார்த்தவர் நிக்கல்ஸ் என்ற வேதியியலாளர். 1934-ல் அவர் குற்றவாளி ஓக் அலமாரிதான் என்று எழுதினார். மரத்தில் செல்லுலோஸோடு ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளும் இருக்கிறது. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அசிடைல் தொகுதிகள் காற்றின் ஈரத்தால் மெல்ல மெல்லப் பிரிந்து அசிட்டிக் அமிலமாக வெளியேறும். வினிகரில் இருக்கும் அதே அமிலம். எல்லா மரத்திலும் இது கொஞ்சம் உண்டு என்றாலும் ஓக்கில் அதிகம். மரம் அறுத்துப் பல பத்தாண்டுகள் ஆனாலும் நிற்பதில்லை. சிப்பி என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முட்டையை வினிகரில் போட்டு ஓடு கரைவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள், இல்லையா? அதையே ஆவியாக, துளித்துளியாக, முப்பது நாற்பது வருஷத்துக்கு நீட்டினால் அதுதான் பைன் நோய்.

இதில் கொடுமை என்னவென்றால், நல்ல அலமாரியில்தான் சேதம் அதிகம். ஓக் விலை கூடிய, கௌரவமான மரம். தேர்ந்த தச்சர் தூசி நுழையாதபடி இழுப்பறையை இறுக்கமாகச் செய்து கொடுப்பார். தூசி உள்ளே வராது, ஆவியும் வெளியே போகாது.

பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1945-ல் வான் டாசல் என்பவர் ஒரு புதிய கனிமத்தை விவரித்தார். பெயர் கால்க்லசைட். கால்சியம், குளோரின், அசிடேட் சேர்ந்த பட்டுநூல் போன்ற படிகம். கிடைத்த இடம் மலையோ சுரங்கமோ அல்ல, பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தின் ஓக் இழுப்பறைகள். உள்ளே இருந்த சுண்ணாம்புக்கல் மாதிரிகளின் மேல் அது வளர்ந்திருந்தது!

1985-ல் டென்னென்ட், பேர்ட் என்ற இருவர் சிப்பிகளின் மேல் படிந்த வெள்ளைப் பொருளை நவீன முறைகளில் பகுத்து, அவை அசிடேட், ஃபார்மேட் உப்புகள் என்று அடையாளம் காட்டிய பிறகுதான் விவகாரம் தெளிவாக முடிந்தது. பைனின் கட்டுரைக்கு 86 வருஷம் கழித்து.

இத்தனைக்கும் இந்த வேதியியல் யாருக்கும் புதிதில்லை. காரீயத்தைப் பாருங்கள். (நம்ம வீட்டு ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம், வேறு உலோகம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஐரோப்பாவில் வெள்ளை வர்ணம் செய்ய, வினிகர் ஊற்றிய பானைகளில் காரீயச் சுருளை வைத்து, சுற்றிலும் சாணத்தைக் குவித்து அறையை மூடிவிடுவார்கள். சாணம் புளித்துச் சூட்டையும் கரியமில வாயுவையும் கொடுக்கும், வினிகர் ஆவியாகும், சில மாதங்களில் காரீயம் வெள்ளைப் பொடியாகிவிடும். டச்சு முறை என்று பெயர். அந்த அறையின் மெதுவான, நாகரிகமான வடிவம்தான் ஓக் இழுப்பறை. ஜெர்மனியின் லூபெக் நகரில் செயின்ட் ஜேகபி தேவாலயத்தில் ஸ்டெல்வாகன் ஆர்கன் என்ற இசைக்கருவி இருக்கிறது. அதன் பழைய காரீயக் குழாய்கள் அரித்ததற்கும் காரணம் இதுதான்: ஓக் பெட்டியில் தங்கிய காற்று, வாசிக்கும்போதெல்லாம் குழாய்க்குள் போனது.

அருங்காட்சியகங்கள் கடைசியில் காரீயத்தையே உளவாளி ஆக்கிக்கொண்டன. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-ல் வெளியிட்ட சோதனை அது. மரமோ துணியோ பசையோ, சந்தேகப்படும் பொருளில் ஒரு துண்டையும் கொஞ்சம் தண்ணீரையும் வெள்ளி, செம்பு, காரீயத் தகடுகளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பது. வெள்ளி கறுத்தால் கந்தகம். காரீயம் வெளுத்தால் அமில ஆவி. மூன்றும் மாறாமல் இருந்தால்தான் அந்தப் பொருளுக்குக் காட்சிப்பெட்டிக்குள் அனுமதி. எனக்கு இதில் பிடித்தது, பொருளின் விலையையோ விளம்பரத்தையோ அது கேட்பதே இல்லை.

நமக்கு இதில் என்ன? சாதவாகனர்கள் காரீயத்தில் நிறையக் காசு அடித்தவர்கள். தக்காணத்துக் காசு சேர்ப்பவர்களிடம் அவை கட்டாயம் இருக்கும். அவற்றை பிளைவுட் அலமாரியில் வைப்பது சரியல்ல. பிளைவுட்டின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், அது ஃபார்மிக் அமிலமாக மாறும். மழைக்கோட்டு வாடை அடிக்கும் மெத்தென்ற பிவிசி உறைகளும் வேண்டாம், அவை செம்புக் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுத்துவிடும். பாலியெஸ்டர் (மைலார்) அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை, அமிலமில்லாத அட்டை, பவுடர் கோட்டிங் செய்த இரும்புப் பெட்டி, கூடவே சிலிகா ஜெல். ராமேஸ்வரத்தில் வாங்கிய சங்குக்கும் சோழிக்கும் இதே கதைதான்.

எங்கள் வீட்டுக் காசுகள் இப்போது இரும்பு பீரோவில் இருக்கின்றன. மீன்வலைக்குப் போடும் காரீயக் குண்டு ஒன்றை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இன்னொன்று பிளைவுட் அலமாரிக்குள். தை மாசம் ரெண்டையும் எடுத்துப் பார்க்கணும்.