முதல் குரூப் உருவான வரலாறு

தமிழ்நாட்டில் அறிவியல் படிப்பதா வேறு பாடம் படிப்பதா என்று பதினைந்து வயதில், அதுவும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே முடிவு செய்துவிடும் வழக்கம் 1978-ஆம் ஆண்டில் நிலைபெற்றது. அதற்கு முன்பு பதினோராண்டுப் பள்ளிப்படிப்பை எஸ்.எஸ்.எல்.சி. தேர்வோடு முடித்த மாணவர், கல்லூரியில் சேர்ந்து, பி.யு.சி. எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பில்தான் தமக்குரிய பாடப்பிரிவைத் தேர்ந்துகொண்டார். பள்ளியின் மேல்வகுப்புகளில் காம்போசிட் மாத்ஸ், ஜெனரல் மாத்ஸ் என்று கணக்குப் பாடம் இரண்டாகப் பிரிந்திருந்தது உண்மையே. ஆயினும் இயற்பியலையும் வேதியியலையும் தனித்தனிப் பாடங்களாக, ஆய்வகத்தோடு சேர்த்துக் கற்பது கல்லூரி வாசலைத் தாண்டியவர்களுக்கே வாய்த்தது.

1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக்குழுவின் பரிந்துரைகளையொட்டி நாடு முழுவதும் பரவிய 10+2+3 என்னும் அமைப்பை, அதாவது பத்தாண்டுப் பள்ளிப்படிப்பு, ஈராண்டு மேல்நிலைப் படிப்பு, மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்ற வரிசையைத் தமிழ்நாடு ஏற்றபோது, அந்த ஈராண்டுகளைக் கல்லூரியில் வைக்காமல் பள்ளியிலேயே வைத்தது. உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகளாகத் தரம் உயர்ந்தன. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்த பிரிவு மக்கள் வழக்கில் முதல் குரூப் ஆயிற்று. கணிதத்தை விட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியே கொண்ட பிரிவைப் பியூர் சயின்ஸ் என்றார்கள். வணிகவியலும் வரலாறும் பொருளியலும் அடங்கிய பிரிவுகள் வரிசையில் பின்னுக்குப் போயின. நிர்வாக வசதிக்காக இடப்பட்ட எண் நாளடைவில் மதிப்பின் எண்ணாக மாறியது இக்கல்வி வரலாற்றின் வருந்தத்தக்க பக்கம்.

முதல் குரூப்புக்குக் கிடைத்த அந்த மதிப்பின் வேர் 1978-க்கு வெகு முன்பே ஊன்றியிருந்தது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியும், 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும் தந்த பட்டங்கள் அரசுப் பணிக்கும் ஊர் மதிப்புக்கும் ஒருசேர வழியாக இருந்தன. இடங்களோ மிகச் சில. அந்தச் சில இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை மாகாண அரசாணையை எதிர்த்து, மருத்துவ இடத்தை முன்னிட்டுச் செண்பகம் துரைராஜனும், பொறியியல் இடத்தை முன்னிட்டு சி.ஆர். சீனிவாசனும் தொடுத்த வழக்குகளில் 1951-இல் வந்த தீர்ப்பே, அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஒரு கல்லூரி இடத்துக்காக அரசியலமைப்பையே திருத்த நேர்ந்த ஒரு மாநிலத்தில், அந்த இடத்துக்கு இட்டுச்செல்லும் பாடப்பிரிவைக் குடும்பங்கள் விரும்பியதில் வியப்பு இல்லை.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒன்றையொன்று தொடர்ந்து இரண்டு மாற்றங்கள் வந்தன: தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு ஏற்பட்டது, தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. இதற்குப் பின்தான் கட்-ஆஃப் என்ற சொல் வீடுதோறும் புழங்கலாயிற்று. பொறியியல் சேர்க்கையில் கணிதத்தின் 200 மதிப்பெண் 100 ஆகவும், இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றின் 200 மதிப்பெண் 50 ஆகவும் சுருக்கப்பட்டு, அவற்றோடு நுழைவுத்தேர்வின் 100 சேர, மொத்தம் 300-க்குத் தரவரிசை கணக்கிடப்பட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்ற மதிப்பெண்ணுக்கு இக்கணக்கில் இடமே இல்லை. தமிழ்ப்பாடத்தின்பால் அறிவியல் மாணவர்கள் காட்டிய அக்கறை குறைந்ததற்கு அவர்களைக் காட்டிலும் இந்தக் கணக்கே பொறுப்பு.

பதின்வயதினர் அறிவியலை ஏன் தேர்ந்தனர் என்ற கேள்விக்கு இவ்வமைப்பின் இன்னொரு கூறு தெளிவான விடை தருகிறது. முதல் குரூப் படித்தவர் பின்னர் பி.காம். சேரலாம், சட்டம் படிக்கலாம், தமிழ் இலக்கியமும் பயிலலாம். வணிகவியல் குரூப் படித்தவர் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ திரும்ப வழியில்லை. என்ன ஆகப்போகிறோம் என்று அறியாத வயதில் எந்த வழியையும் அடைக்காத பிரிவை எடுப்பது அறிவுடைமையே ஆகும். ஆகவே, பெற்றோர் வற்புறுத்தலால் மட்டுமே பிள்ளைகள் அறிவியலுக்குப் போனார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான்.

ஆர்வமும் இல்லாமற் போகவில்லை. கல்லூரிக்கே உரியனவாயிருந்த பியூரெட்டும் பிப்பெட்டும் வெர்னியர் காலிப்பரும் 1978-க்குப் பின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வந்தன. கோடில்லாத இடப்பக்கத்தில் பென்சிலால் படமும், கோடிட்ட வலப்பக்கத்தில் செய்முறையும் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் பெறும் ரெக்கார்டு நோட்டு, செய்முறைத் தேர்வின் 50 மதிப்பெண்ணுக்காகவே பேணப்பட்டது என்றாலும், பினாப்தலீன் சேர்த்த கரைசல் ஒரே சொட்டில் இளஞ்சிவப்பாவதைக் கண்டு வேதியியலில் ஈடுபாடு கொண்டவர்கள் உண்டு. வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பப்படாத பெண்கள் உள்ளூர்ப் பள்ளியிலேயே இயற்பியல் படிக்க முடிந்தது 1978 மாற்றத்தின் ஆகப்பெரிய நன்மை. அது போதிய அளவு பேசப்படவில்லை.

நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து நீங்கியது. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக்கட்டணச் சலுகை வந்தது. பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. இடம் பெருகியபோது அதன் மதிப்பு தேய்ந்து, பல கல்லூரிகளில் இருக்கைகள் காலியாகவே, வணிகவியலும் கணினியும் மாணவர்களை ஈர்க்கத் தொடங்கின. 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடப்பதால், அவ்விடத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசையை முடிவு செய்வதில்லை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாத அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று.

ஒதுக்கீடு இருக்கும் இடத்தைப் பெற்றுத்தரும்; அந்த இடத்துக்குப் போட்டியிட அறிவியல் படித்திருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர் இல்லாத, ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு முதல் குரூப் என்பது தேர்ந்தெடுக்கும் பொருளே அன்று. ஊருக்கு அருகிலுள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் அறிவியல் பிரிவும், அதற்குரிய ஆசிரியர்களும், திறந்திருக்கும் ஆய்வகமும் உள்ளனவா என்பதைப் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும்.