நடக்காதவருக்கு எதுக்குப் புது மூட்டு?

பெருமூளை வாதம் மூளையில் நேரும் பாதிப்பு. ஆனால் வளர்ந்தபிறகு பலரை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது இடுப்பு. பிறக்கும்போது அந்த மூட்டு பெரும்பாலும் மற்றக் குழந்தைகளுடையதைப் போலத்தான் இருக்கும். மூளையின் கட்டளை சிதைவதால் தொடையை உள்பக்கமாக இழுக்கும் தசைகள் இறுகியே கிடக்கின்றன. வருஷக்கணக்கான அந்த இழுப்பில் தொடை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு மெல்ல நழுவுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆகிறது. நழுவிய பந்து தேய்ந்து சிதையும்போது சிலருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது.

இந்த நிலையை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். சிறுவயது நோயில் பாதம் கோணிப்போனவர் அவர். 1836-ல் ஜெர்மனிக்குப் போய், ஸ்ட்ரோமயரிடம் தசைநாணை வெட்டும் சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். இறுகியதை வெட்டித் தளர்த்துவது என்ற அந்த வழிதான் பெருமூளை வாதத்துக்கும் நெடுங்காலம் கைகொடுத்தது. ஆனால் சிதைந்துபோன மூட்டுக்கு அது போதவில்லை.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். சில வருஷங்களிலேயே அவை தேய்ந்துபோயின. துகள்களை உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்றைய இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

தேய்மானம் என்ற பயம் மட்டும் போகவில்லை. அதனால் அது வயதானவர்களுக்கான சிகிச்சையாகவே இருந்தது. பெருமூளை வாதம் உள்ளவர்களோ இளைஞர்கள். இறுகிய தசை புது மூட்டையும் இழுத்து நழுவவிடும் என்றார்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: நடக்கவே போறதில்லையே, பிறகு எதுக்கு?

பலருக்குக் கிடைத்தது வேறு தீர்வு: எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிடுவது. ஆக்ஸ்ஃபோர்டின் கர்டில்ஸ்டோன் பெயரால் அறியப்படும் இந்த முறை, முதலில் சீழ்பிடித்த மூட்டுகளுக்கானது. அதற்குப் பிறகும் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடித்தது.

நியூயார்க்கில் லியோன் ரூட்டும் சகாக்களும் இந்த நோயாளிகளுக்கும் முழு மூட்டு மாற்று செய்து, 1986-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரியாகப் பத்து வருஷம் கழித்துப் பார்த்த 1993 ஆய்வில், பெரும்பாலோருக்கு வலி தணிந்திருந்தது. நழுவும் பயத்துக்கும் ஒரு பதில் வந்தது. 1970-களில் பிரான்ஸின் சென்ட் எத்தியேனில் ஜில் பூஸ்கே உருவாக்கிய மூட்டில், சின்னப் பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சுழலும். அந்தப் பெரிய பந்து உலோகக் கிண்ணத்துக்குள் சுழலும். இதனால் மூட்டு நழுவுவது குறைந்தது. இன்று இந்த நோயாளிகளுக்கும் அது பயன்படுகிறது.

தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் குழந்தைகளின் இடுப்பை எக்ஸ்ரேயில் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைப்பதால் அங்கே மூட்டு முழுதாக விலகுவது அரிதாகிவிட்டது. ஆனால் அப்படியொரு கண்காணிப்பு இல்லாமலே வளர்ந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எதுக்கு என்ற கேள்வியை அவர்களிடமே கேட்டிருக்கலாம். வலியில்லாமல் நாற்காலியில் உட்கார, உடை மாற்றும்போது அலறாமல் இருக்க, ராத்திரி திரும்பிப் படுக்க. இதற்கெல்லாமும் மூட்டு வேண்டும்.