அல்பசேத்தே நகரத்து மடக்குக்கத்தி

ஸ்பெயின் நாட்டு எஃகைப் பற்றிப் பேசப் புகுவோர் தொலேதோ நகரத்து வாளையே முதலிற் சொல்வர். மன்னரும் பிரபுக்களும் இடையில் அணிந்த வாள் அது. ஆதலின் ஏடுகளில் அதற்கு இடம் கிடைத்தது. உழவனும் கோவேறு கழுதை ஓட்டுபவனும் இடைக்கச்சையிற் செருகியிருந்த மடக்குக்கத்திக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. நேயர்களே, இன்று நான் சொல்ல விரும்புவது அச்சிறிய கத்தியின் வரலாற்றையே.

நவாஹா என்பது அதன் பெயர். சவரக்கத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதைச் செய்யும் ஊர்களுள் தலையாயது அல்பசேத்தே. டான் குவிக்ஸாட் கதையால் நாம் அறிந்த லா மன்ச்சா என்னும் வறண்ட சமவெளியில் அந்நகர் உள்ளது. சமவெளி என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே ஊர்ப்பெயராயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட பூர்போன் மன்னர்களுக்கு இக்கத்தி கண்ணில் விழுந்த தூசியாய் உறுத்திற்று. மூன்றாம் கார்லோஸ் மன்னர் 1761-ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையில், விலக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் நீளமானது. வில் வைத்துப் பூட்டும் மடக்குக்கத்தி அதில் உண்டு. கூர்முனையுள்ள சமையற்கத்தியுங்கூட உண்டு. தண்டனையோ குற்றத்தோடு குலத்தையும் பார்த்தது. அதைத் தரித்தவன் உயர்குடியினனாயின் 6 ஆண்டு கோட்டைச் சிறை. எளிய குடியினனாயின் அதே 6 ஆண்டு சுரங்க வேலை. வகுப்பறையில் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும். அக்காலச் சமுதாயத்தை விளக்க வேறு பாடம் வேண்டியதில்லை.

ஆயினும் தொழில் அழியவில்லை. ரொட்டி அறுக்கவும், திராட்சைக்கொடி கழிக்கவும், சேணத்து வாரைத் திருத்தவும் உழவனுக்கு அது வேண்டியிருந்தது. 1855-இல் அல்பசேத்தேக்கு இருப்புப்பாதை வந்தது. அகன்ற தோற்கச்சை நிறையக் கத்திகளைச் செருகிக்கொண்டு விற்பனையாளர் ரயிலடியில் நின்றனர். சன்னலோரப் பயணிகள் வாங்கிச் சென்றனர். 1875-இல் பாரிஸில் மேடையேறிய கார்மென் என்னும் இசைநாடகத்திலும் கத்திச் சண்டை வருகிறது. அயலார் கண்ணுக்குச் சண்டைதான் தெரிந்தது; ரொட்டி தெரியவில்லை.

இன்று அல்பசேத்தேயில் கத்திகளுக்கென்றே 2004-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் உள்ளது. சட்டமும் விட்டபாடில்லை. 11 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுடைய மடக்குக்கத்தியைக் கொண்டு திரிவதை 1993-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன.

அருங்காட்சியகத்தைப் பார்த்தபின் ஒரு சிறு பட்டறைக்குச் சென்றேன். கொம்பு தீயும் நாற்றமே முதலில் எதிர்கொண்டது. எருதின் கொம்பைச் சூடாக்கி, அழுத்தி நிமிர்த்திப் பிடியாக்குகின்றனர். முதிய கைவினைஞர் ஒருவர் அலகின் அடியிற் பற்கள் வெட்டிக்கொண்டிருந்தார். பிடியின் முதுகில் ஓர் எஃகு வில் படிந்திருக்கும். கத்தியை விரிக்கையில் பற்கள் ஒவ்வொன்றாய் அவ்வில்லைக் கடக்க, கடகடவென ஓசை எழும். சுழற்றி ஒலிக்கும் மரக் கிலுகிலுப்பையின் பெயரையே இதற்கும் இட்டுக் கர்ராக்கா என்கின்றனர். விரிந்த அலகு தானே மடங்கி விரலை நறுக்காதபடி வில் பற்றிக்கொள்ளும். வில்லைத் தூக்கினாலன்றி மடங்காது. எதிரியை அச்சுறுத்தவே அவ்வோசை என்பாரும் உளர். விரலைக் காப்பதற்கு அமைந்த பூட்டின் ஓசைக்கு அப்படியொரு கதை வேண்டுமா என்பதே என் ஐயம்.

அவர் அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார். விரித்துக் காது கொடுப்பார். ஓசை ஒவ்வாதாயின் மீண்டும் அரம். நான் நின்ற அரைமணி நேரத்தில் ஒரே பல்லை நான்கு முறை திருத்தினார். எத்தனை இழுப்பு என்று கேட்டதற்குத் தம் காதைத் தொட்டுக் காட்டினார். பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் கற்ற எந்தப் பாடத்திட்டத்திலும் இந்த அளவை எழுத இடமில்லை.

மகன்கள் இருவரும் வேறு வேலைக்குச் சென்றுவிட்டனராம். தொழில் பயில ஓர் இளம்பெண் மட்டும் வருகிறாள். அன்று அவள் பொருத்திய கத்தியை விரித்துப் பார்த்தார். மூன்றாம் பல் மங்கி ஒலித்தது. ஒன்றும் பேசாமல் அரத்தை அவள் கையிற் கொடுத்தார். அவள் மீண்டும் இடுக்கியின் முன் அமர்ந்தாள்.