கரு நிற்கும் நாட்கள்

ஒரு மாதவிலக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் கரு நிற்க வாய்ப்புள்ள நாட்கள் ஆறுதான். சூலகத்திலிருந்து வெளிவரும் முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிரோடிருக்கும். விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் கணக்கில் வரும். அந்த ஆறு எந்த ஆறு என்பதுதான் நெடுங்காலப் புதிர்.

பரத்தையிடம் போன தலைவனும் பூப்பை ஒட்டிய பன்னிரண்டு நாட்கள் மனைவியைப் பிரிந்திருக்கலாகாது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். கருவுறும் காலம் அது என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருகிறார்கள். ஆயுர்வேதம் அதை ருதுகாலம் என்றது. கிரேக்க மருத்துவர் சொரானசும் மாதவிலக்கு ஓயும் தறுவாயே கருவுக்கு உகந்தது என நம்பினார். எல்லோரும் விலக்கு வந்த நாளிலிருந்தே எண்ணினார்கள். நம் பேச்சுவழக்கிலும் கர்ப்பிணி 'முழுகாம இருக்கா'. விலக்கு கழிந்து தலைமுழுகும் நாள் அவளுக்கு வரவில்லை என்று பொருள்.

ஜப்பானிய மருத்துவர் ஒகினோ 1924-இல் கணக்கைத் தலைகீழாக்கினார். முட்டை வெளியாவது அடுத்த விலக்குக்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு என்றார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் தனியே ஆய்ந்து ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். 28 நாள் சுற்றுள்ளவருக்கு 14-ஆம் நாள் என்றால், 35 நாள் சுற்றுள்ளவருக்கு 21-ஆம் நாளை ஒட்டி வரும். சிக்கல் என்னவென்றால், அடுத்த விலக்கு என்றைக்கு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இந்தச் சிக்கலைத் தலையில் சுமந்த ஊர் கர்நாடகத்தின் ராமநகரம். பின்னாளில் 'ஷோலே' படம் பிடித்த அதே பாறை ஊர்தான். கதை காந்தியிடம் தொடங்குகிறது. 1935-இல் வார்தாவில் தம்மைச் சந்தித்த கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரிடம் காந்தி கருத்தடைச் சாதனங்களை மறுத்தார். கரு நிற்காத நாட்களில் மட்டும் கூடும் 'பாதுகாப்பான நாட்கள்' முறையிடம் மட்டும் சற்று இளகினார். காந்தியின் சீடரான ராஜ்குமாரி அம்ரித் கௌர் சுதந்திர இந்தியாவின் சுகாதார அமைச்சரானபோது அந்த ஒரே முறைக்குத்தான் இடம் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்ப, 1952-ஐ ஒட்டி ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் அம்முறையின் சோதனை நடந்தது. படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பாசிமணி மாலை: பச்சை மணி பாதுகாப்பு, சிவப்பு மணி கூடாது. நாளுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மாலையைக் கட்டிக்கொண்டாலே போதும் என்று சிலர் நினைத்தார்களாம். இருட்டில் நிறம் தெரியவில்லை என்றும் கதைகள் உண்டு. பெண்களைக் கேலி செய்யவே இவை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. சுற்று மாதாமாதம் மாறினால் எந்த மணியும் தப்பாகத்தான் காட்டும். அது மாலை கோத்தவர்களின் பிழை.

மணிகள் பிறகு மீண்டும் வந்தன. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வகுத்த 32 மணி மாலை, சுற்று 26 முதல் 32 நாட்களுக்குள் அமையும் பெண்களுக்கு மட்டுமே உரியது. 8 முதல் 19 வரையிலான நாட்களை அது விலக்கச் சொல்கிறது. தொல்காப்பியம் போலவே அதுவும் பன்னிரண்டு நாட்கள்தான்! இடையில் ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதி கருப்பைவாய்ச் சளியின் வழவழப்பைப் பார்த்து நாளறியும் முறையைப் பரப்பினார்கள். ஆறு நாள் கணக்கை 1995-இல் உறுதிசெய்தது ஆலன் வில்காக்ஸ் குழு. அமெரிக்காவில் 221 பெண்களை ஆராய்ந்து, அந்த ஆறில் முதல் நாளில் சுமார் பத்து விழுக்காடாக உள்ள வாய்ப்பு முட்டை வெளியாகும் நாளில் முப்பத்துமூன்றாக உயர்வதைக் காட்டியது.

இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை, முட்டை வெளியாவதற்கு ஓரிரு நாள் முன்பே தகவல் சொல்லிவிடுகிறது. ஆனால் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக ஓடும் நெய்வேலி போன்ற நகரியத்தில் இன்னொரு நாள்காட்டியும் குறுக்கே நிற்கும்: ஷிப்ட். அட்டை கோடு காட்டும் இரவில் கணவர் சுரங்கத்தில் இருக்கலாம்; மனைவியே செவிலியர் என்றால் இரவுப்பணி அவருடைய சுற்றையும் தள்ளிப்போடலாம். நாள் குறித்துக் காத்திருக்காமல் மாதம் முழுதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூடினாலே போதும் என்று மருத்துவர்கள் சொல்வது இங்கே கைகொடுக்கும். ஐந்து நாள் வரை தாங்கும் விந்தணு, நைட் ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கும்.