பீரங்கி திரும்பாததால்தான் சிங்கப்பூர் வீழ்ந்ததா?

"பீரங்கியெல்லாம் கடலப் பாத்து இருந்துச்சு, அதனாலதானே தோத்தோம்?" சிங்கப்பூரின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசினாலே மாணவர்கள் இப்படிக் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் அது பாதி உண்மைதான்.

சாங்கியின் ஜொகூர் பீரங்கித் தளத்தில் 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று இருந்தன. அவை நிலப்பக்கம் திரும்பிச் சுடவும் செய்தன. சிக்கல் குண்டில் இருந்தது. கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்த குண்டு அது. மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்துவிடும். பரவி வரும் காலாட்படையை அது என்ன செய்யும்?

அதே 1942-இல் சோவியத்தின் செவஸ்தபோல் துறைமுகத்திலும் 12 அங்குலக் கடற்கரைப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. பல மாதம் தாக்குப்பிடித்த அந்நகரமும் கடைசியில் வீழ்ந்தது. பீரங்கி திரும்பினால் மட்டும் போதாது.

இங்கே 1941 டிசம்பர் 10-லேயே இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கிவிட்டன. போதிய விமானங்களும் இல்லை. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்தனர். 15-ஆம் தேதி சரணடைவு. 17-ஆம் தேதி, நம் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

பழியைப் பீரங்கிமேல் போட்டால், திட்டமிட்டவர்களின் தவறும் அந்தச் சிப்பாய்களின் கதையும் மறைந்துபோகும். அடுத்த முறை மாணவர்களைத் திடலுக்கே அழைத்துப்போய்க் கேளுங்கள்: "திரும்பாதது பீரங்கியா, யோசனையா?"